டெஸ்டரக்காவும் இருதலை மணியன்களும்

அந்தப் பொம்பளையை வீட்டுக்குள் விட்டால் ஏதாவது ஒன்று காணாமல் போகும் என்று ஊரில் ஒரு பேச்சு. தையல்கடைக்காரிக்கு அதை அவளுடைய ஓரகத்தி சொன்னாளாம். ஓரகத்திக்கு அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் டீச்சர் சொன்னாராம். டீச்சருக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சின் ருசி போய்விடும்.

"ஜெனரேட்டருக்கு வயரிங் பண்ணித் தரேன்னு வருவாளாம். வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாதாம். ஆனா போகும்போது ஒரு ஒயரைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாளாம்," என்றாள் தையல்கடைக்காரி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தபடி.

"வெறும் ஒயரா?" என்று கேட்டாள் பெஞ்சில் காத்திருந்தவள்.

"வெறும் ஒயருதாங்க. மேசை மேல கழட்டி வெச்ச வளையல் இருக்குமாம், அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாளாம். என்ன வியாதியோ! போதாக்குறைக்குக் கொண்டையில எப்பவும் கூரா ஒரு ஆயுதம் செருகியிருப்பாளாம்."

பெஞ்சில் இருந்தவள் தலையைச் சொறிவதுபோல் கையைப் பின்னால் கொண்டுபோனாள். கொண்டையில் செருகியிருந்த, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை உருவிக் கைப்பைக்குள் நழுவவிட்டாள். "காலம் கெட்டுக் கிடக்கு," என்று பெருமூச்சு விட்டாள். "உங்க வீட்டுல ஜெனரேட்டர் இருக்கா?"

"இருக்கே."

"எப்படி மாட்டியிருக்கீங்க?"

"அதெல்லாம் என் வீட்டுக்காரர் பாத்துப்பார். ரெண்டு பக்கமும் பின் வெச்ச ஒயரு ஒண்ணு இருக்கு. ஒரு பக்கத்தை ஜெனரேட்டர்ல சொருகுவார், இன்னொரு பக்கத்தை ஹால் சுவர்ல சொருகுவார். அவ்ளோதான், வீடு பூரா வெளிச்சம்!"

"அடடா," என்றாள் பெஞ்சில் இருந்தவள். ஜிப் மாற்றிய காக்கி கால்சட்டையை வாங்கிக்கொண்டு, வழியில் யாரையோ விசாரித்து, தையல்கடைக்காரியின் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தாள். அந்த வாரமே அவர் வீட்டு மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் தெருக் கரண்டையும் ஜெனரேட்டரையும் மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று புதிதாக முளைத்தது. ஒயர் காணாமல் போனது. அதற்கப்புறம் அந்தப் பேச்சைப் பரப்பத் தையல்கடைக்காரிக்கு ஓரகத்தியின் தயவு தேவைப்படவில்லை.

இதில் தமாஷ் என்னவென்றால், வதந்தி முழுக்க முழுக்க உண்மை. டெஸ்டரக்கா திருடித்தான். திருடுவது அந்த ஒரே ஒரு சாமானைத்தான்.

சாதாரண ஒயருக்கு ஒரு பக்கம் தலை, இன்னொரு பக்கம் வால். இதற்கு இரண்டு பக்கமும் தலை. அதனால் இரண்டு பக்கமும் தலை இருப்பதாகச் சொல்லப்படும் பாம்பின் பெயரையே டெஸ்டரக்கா இதற்கும் வைத்துவிட்டாள்: இருதலை மணியன். ஒரு தலையை ஜெனரேட்டரில் செருகிவிட்டு மறுதலையைக் கையில் பிடித்திருந்தால், அந்தப் பின்களில் மின்சாரம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். தொட்டால் தொட்டவர் கதி அவ்வளவுதான். ஆனால் அவளுக்குப் பயம் அதில் இல்லை. வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை நிறுத்த மறந்துவிட்டால், ஜெனரேட்டர் மின்சாரம் வீட்டுக்குள் அடங்கி உட்காராது. மீட்டர் வழியாக வாசலைத் தாண்டி, கம்பத்தில் ஏறி, தெருக்கம்பியில் உலாவப் போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கோ ஓரவஞ்சனை கிடையாது. இந்தப் பக்கம் வரும் மின்சாரத்தைக் குறைத்துத் தருவதுபோல, திரும்பிப் போகிற மின்சாரத்தைப் பல மடங்கு ஏற்றியும் அனுப்பி வைக்கும்.

கரண்ட் போன நேரத்தில், கம்பியில் உயிரில்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் யார்? லைன்மேன். அந்த லைன்மேன் யார்? டெஸ்டரக்காவின் புருஷன்.

அவர்கள் சந்தித்ததே ஒரு இருதலை மணியன் புண்ணியத்தில்தான். அப்போது அவள் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை செய்தாள். ஒரு நாள் மத்தியானம் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் கழுத்தில் ஒரு ஒயரை மாலைபோல் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். இரண்டு முனையிலும் பின்.

"இதைச் செஞ்ச மகராசன் யாருங்க?"

கடை முதலாளி ஒயரை ஒரு பார்வை பார்த்தார். பின்பக்கம் ஓடினார். அவள் ஒயரை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"எங்க கடை வேலைதான், முறுக்கைப் பாத்தாலே தெரியுது. முதலாளி கக்கூஸ்ல இருக்கார். நீங்க போற வரைக்கும் வெளிய வர மாட்டார். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கம்பத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு ஒரு வேலிச்செடிக்குள் போய் விழுந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அந்தச் செடியில் இருந்த முள்ளையெல்லாம் எங்கெங்கே பிடுங்கினார்கள் என்பதைச் சபை நாகரிகம் கருதித் தாண்டிப் போனார். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் டீ வந்தது. அவர் டம்ளரைத் தூக்கினார். டம்ளர் விளிம்பைத் தாண்டி டீ தளும்பிக் கொட்டியது. கை நிற்கவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சூடா இருக்கு," என்றார். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே காயில் கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பரீட்சை எழுதி, வயரிங் லைசென்ஸ் வாங்கினாள். கொண்டையில் டெஸ்டரைப் பார்த்துவிட்டு லைன்மேனின் கூட்டாளிகள் வைத்த பெயர்தான் டெஸ்டரக்கா. வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் இப்போது அதுதான் பெயர்.

"ஏம்மா, ஊரான் வீட்டு ஒயரை இப்படித் தூக்கிட்டு வரியே, ஒரு நாள் என்னையே கூப்பிட்டு உன் பொண்டாட்டியைப் பிடின்னு சொல்லப் போறாங்க," என்பார் அவர், கொல்லையில் துணி காயப் போட்டபடி. துணி காயும் கொடிகூட, தலை இரண்டும் வெட்டப்பட்ட இருதலை மணியன்கள்தான்.

"நீங்க கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி எர்த் மாட்டுறீங்களா?"

"அது மாட்டாம தொடுவேனா? கம்பியில எர்த்தை மாட்டிட்டா, எவன் கரண்டு அனுப்பினாலும் நேரா மண்ணுக்குள்ள போயிடும்."

"மழை நாள்ல? ஒரே நேரத்துல நாலு தெருவுல கம்பி அறுந்து கிடக்கிற அன்னிக்கு?"

அவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கிளிப் எங்கே என்று தேடினார். கிளிப் அவர் வாயிலேயே இருந்தது.

அதனால்தான் ஒயர்கள் காணாமல் போயின.

இந்த நேரத்தில்தான் அவளுடைய அண்ணன் ஜெனரேட்டர் வாங்கினான். கடைக்காரர் கூடவே ஒரு இருதலை மணியனையும் கொடுத்துவிட்டிருந்தார். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவன். அவள் ஃபோனில் அவன் பெயரே கேக்கண்ணன். நல்லவன், தாராளமானவன், வாய் கொஞ்சம் நீளம், ஞாபகம் கொஞ்சம் குட்டை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஜாதி.

"தங்கச்சி வேலைக்கு வந்தா வீட்டுல என்னெல்லாம் பூட்டி வைக்கணும்னு ஊரே சொல்லுதே," என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"உன் வாயைப் பூட்டி வை, போதும்," என்று உள்ளே போனாள்.

ஜெனரேட்டர் வைக்கிற வேலையில் பாதி ஒயரில் இல்லை, பஞ்சாயத்தில்தான் இருக்கிறது என்பது அவள் அனுபவம். சின்ன ஜெனரேட்டர் வீட்டையே சுமக்காது. எதெது எரிய வேண்டும், எதெது வேண்டாம் என்று முதலில் முடிவாக வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு வழி உண்டு. மெயினை நிறுத்திவிட்டு, வீட்டில் இருப்பவர்களைப் புழுக்கத்தில் உட்கார வைத்து, "இப்போ சொல்லுங்க, எது இல்லாட்டி உயிர் போகும்?" என்று கேட்பாள். ஃபேன் ஓடும்போது கேட்டால் ஊரில் உள்ளதெல்லாம் வேண்டும் என்பார்கள். வேர்த்தால் உண்மை வரும்.

"அவன்," என்றான் அண்ணன் யோசிக்காமல். கேக் வேகும் மின்சார அடுப்பைத்தான் சொன்னான்.

"ஃப்ரிட்ஜ்," என்றாள் அண்ணி. "கிரீம் எல்லாம் உருகி ஓடினா அள்றது நான்."

"ஹால் லைட்டு, ஃபேன், தண்ணி மோட்டார்," என்று அவளே எழுதிக்கொண்டாள். "அவனுக்கு இடமில்ல."

"ஏன்டி? அதுக்குத்தானே ஜெனரேட்டரே வாங்கினேன்!"

"அண்ணா, அது ஒண்ணே இதுல முக்கால்வாசியைச் சாப்பிட்டுடும். மோட்டார் கூடச் சேர்ந்து ஓடிச்சுன்னா மெஷின் படுத்துக்கும். பெருசு வாங்கு, போட்டுத் தரேன்."

"கிரீம் போச்சுன்னா கேக்கை வெச்சு என்ன பண்ணுவீங்க? தலைக்கு வெச்சுத் தூங்குவீங்களா?" என்று அண்ணியும் சேர்ந்துகொண்டாள்.

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "சரி, நீ சொன்னா சரிதான்," என்றான்.

டெஸ்டரக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் பேசப் பழகியதிலிருந்து அண்ணன் அவள் சொன்ன எதற்கும் 'சரிதான்' சொன்னதில்லை.

வேலையை ஒழுங்காகவே செய்தாள். ஜெனரேட்டர் கொல்லையில், ஜன்னலை விட்டுத் தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே. புகை உள்ளே வந்தால் சத்தம் போடாமல் ஆளைத் தூக்கிவிடும். ஜெனரேட்டருக்கென்று தனியாக மண்ணில் எர்த். மெயினுக்குப் பக்கத்தில் சேஞ்ச்ஓவர்: கைப்பிடியை மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் தொட அதற்கு வழியே கிடையாது. கரண்ட் வருகிற ஃபேஸை மட்டும் மாற்றிவிட்டு, அது திரும்பிப் போகிற நியூட்ரலை அம்போ என்று விடுகிற வேலையெல்லாம் அவளிடம் நடக்காது. இரண்டும் சேர்ந்துதான் மாறும். ஃப்ரிட்ஜ், லைட், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் பிரித்து ஜெனரேட்டர் பக்கப் பெட்டிக்குக் கொண்டுவந்தாள். கேக் அடுப்பு இருக்கிற அறையை மட்டும் பழையபடி தெருக் கரண்டிலேயே விட்டாள்.

கடைசியில் கைகளைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, ஜெனரேட்டரோட வந்த ஒயர் எங்க?"

"எந்த ஒயர்?"

"ரெண்டு தலை."

"அதுவா? தூக்கிப் போட்டுட்டேனே."

"எங்க போட்டே?"

"குப்பையை எங்க போடுவாங்க? குப்பையிலதான். என்னடி இது, போலீஸ் விசாரணையா? வேணும்னா மோப்ப நாயைக் கூட்டிட்டு வா."

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கூரையைப் பார்த்தாள். அவள் மாவு டின்னுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், ஜெனரேட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அண்ணன் ஒவ்வொரு இடமாகக் கூடவே வந்து, "அரிசி டப்பாவுல பாத்தியா? என் சட்டைப் பையில பாரு. என் காதுக்குள்ள பாரு," என்று வெறுப்பேற்றினான்.

"அப்படியே வெச்சிருந்தாலும் என்னடி? மெயினை நிறுத்திட்டுத்தானே சொருகப் போறேன்?"

"மறந்துட்டா?"

"நான் மறப்பேனா?"

"கண்ணாடி எங்கண்ணா?"

அண்ணன் கை அனிச்சையாகச் சட்டைப் பையைத் தடவியது. கண்ணாடி நெற்றியில் இருந்தது. அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு டெஸ்டரக்கா அந்த வீட்டிலிருந்து வெறும் பையோடு திரும்பினாள். அவள் தொழிலில் அது ஒரு அவமானம்.

பெரிய காற்றடித்தது அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம். ஊரில் பாதி மரம் தெருவில் படுத்துக்கொண்டது. கரண்ட் போனது. ஃபோன் வந்து, லைன்மேன் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்தார்.

"எந்தப் பக்கம்?"

"நாலஞ்சு இடத்துல அறுந்திருக்கு. கடைசியா உங்க அண்ணன் தெரு. கிளை விழுந்து கம்பி துண்டாயிடுச்சாம்."

அவர் வண்டி திரும்பியதும் அவளும் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சேஞ்ச்ஓவரில் ஒரு ஸ்க்ரூவைச் சரியாக முறுக்கினோமா என்று சந்தேகமாக இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தாள். பொய்யைச் சொல்வதற்கு முன்னால் அவளே நம்பிவிடுவது அவள் வழக்கம். விழுந்து கிடந்த கிளைகளைச் சுற்றிச் சுற்றிப் போனதில் நேரமாகிவிட்டது.

அண்ணன் வீட்டுக் கொல்லையில் ஜெனரேட்டர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. பின்வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். சேஞ்ச்ஓவர் கைப்பிடி கீழே இருந்தது. அவள் சொல்லிக் கொடுத்தபடியே. ஹாலில் ஃபேன் சுற்றியது. வாசல் பக்கம் அண்ணன் யாரிடமோ ஃபோனில், "கரண்ட் போனா என்னங்க, நம்ம கேக் நிக்காது," என்று பீற்றிக்கொண்டிருந்தான்.

சே, அண்ணனைப்போய் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகப் போனது. அப்போதுதான் மூக்கில் ஏறியது.

வெண்ணெயும் வெனிலாவுமாக, ஒரு கேக் பொன்னிறமாக வேகிற வாசனை.

அவள் விட்டுவிட்டு வந்த அறையில் தெருக் கரண்ட்தான் உண்டு. தெருவில் கரண்ட் இல்லை. அப்படியென்றால் கேக் எதில் வேகிறது?

ஜெனரேட்டரில் இரண்டு துவாரம் இருந்தது. ஒன்றில் அவள் மாட்டிய ஒயர். இன்னொன்றிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் புல்லுக்குள் நெளிந்து, சுவரோரமாக ஏறி, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்திருந்தது. அவள் தலையைத் தூக்கி மெயின் சுவிட்சைப் பார்த்தாள். மேலே இருந்தது. நிறுத்தவே இல்லை. தெரு முழுக்க இந்தக் கம்பியில் தொங்கியிருந்தால் இந்தக் குட்டி மெஷின் அந்தப் பாரம் தாங்காமல் அப்போதே விக்கி நின்றிருக்கும். கிளை கம்பியை அறுத்துவிட்டது. அறுந்த துண்டோடு ஒட்டியிருப்பது அண்ணன் வீடும் பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீடும்தான். அந்தத் துண்டில் இப்போது முழு உயிர். அதை ஒட்டுப்போடத்தான் ஆள் வருகிறார்.

வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வந்தேவிட்டார். கம்பத்தில் ஏணியைச் சாத்தி, அது ஆடுகிறதா என்று உலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தலாம்தான். காற்றில் எது காதில் விழும்? ஓடிப்போய் ஜெனரேட்டர் சுவிட்சை அமுக்கினாள். அது முனகிக்கொண்டே நின்றது. உள்ளே பாய்ந்து மெயினைக் கீழே இழுத்தாள். கேக் அடுப்பு இருந்த அறையில் சுவரிலிருந்த தலையை உருவினாள். கொல்லைக்கு வந்து மறுதலையை உருவினாள். முழங்கையில் சுற்றிச் சுற்றிப் பைக்குள் திணித்தாள். இவ்வளவு சுத்தமாக அவள் எந்த வீட்டிலும் திருடியதில்லை.

சமையலறை வாசலில் கரண்டியோடு அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

"ஃபேன் நின்னுதே, என்னன்னு பாக்க வந்தேன்," என்றாள் அண்ணி. பையிலிருந்து ஒரு தலை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி கண் அதில் போய் நின்றது. பிறகு வேலிக்கு மேலே தெரிந்த ஏணிக்குப் போனது. ஒரு நொடி முகம் வெளிறியது.

"அண்ணி, நான் வரவே இல்ல."

"யாரு வந்தது?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பிப் போனாள் அண்ணி. போகிற போக்கில், "வீட்டுல இன்னொண்ணு இருக்கு. எங்கன்னு எனக்கும் தெரியாது," என்று கரண்டியிடம் சொன்னாள்.

டெஸ்டரக்கா நின்றாள். இன்னொன்றா! மெயினையும் அண்ணன் வந்து மறுபடி தூக்கிவிடுவான். தேட நேரமில்லை. ஜெனரேட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடியை லேசாக உருவி, பார்த்தால் சந்தேகம் வராதபடி அதன்மேலேயே பொய்க்கு உட்கார வைத்தாள். இனி ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுக்கலாம். சாயங்காலம் வரைக்கும் இழுக்கலாம். உடம்புக்கு நல்லது.

வேலிச் சந்தில் நுழைந்து கம்பத்தடிக்கு வந்தபோது அவர் ஏணியில் பாதி ஏறியிருந்தார்.

"நீ எங்க இங்க?"

"சும்மா. ஏணி பிடிக்க. எர்த் எங்க?"

"இருக்கிற ஒரு செட்டும் அடுத்த தெருவுல மாட்டியிருக்கும்மா. இங்க ஒரே ஒட்டுதான், ரெண்டு நிமிஷ வேலை."

ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிப் பிடித்தாள்.

அவர் மேலே போய், இடுப்புப் பட்டையைக் கம்பத்தில் மாட்டி, அறுந்த கம்பியை எட்டி இழுத்தார். கம்பி சாதுவாக வந்தது. கொல்லைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. டர்ர்ர். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் டர்ர்ர். நடுவில் அண்ணனின் குரல்: "கேக்கு பாதியில நிக்குதுடி! அமுங்கிடுச்சுன்னா எந்திரிக்காது!" அண்ணி ஏதோ பதில் சொன்னாள். டர்ர்ர்.

"உங்க அண்ணன் வீட்டுப் பக்கம் யாரு இது, இப்படிப் போட்டு இழுக்கறான்?" என்றார் மேலேயிருந்து.

"யாரோ. ஸ்டார்ட் ஆகலை போல."

"ப்ளக்கைப் பாக்கச் சொல்லு, பாவம்."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

டர்ர்ர் நின்றது. அவள் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. ஏணியை விடாமல் குனிந்து பார்த்தாள். கேக்கண்ணன்.

"உன் ஃபோன் அடிக்குதும்மா."

"தெரியுது."

"யாரு?"

"அண்ணன்."

"எடேன். ஏதாவது அவசரமா இருக்கப் போகுது."

"அவசரம்தான். நீங்க முதல்ல இறங்குங்க."

"இதோ, இன்னும் ஒரு முறுக்குதான்," என்று அவர் கட்டிங் பிளையரை இடுப்பிலிருந்து உருவினார். ஃபோன் அடித்து ஓய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ தகரக் கூரையை எரிச்சலோடு ஒரு தட்டு தட்டினார்கள். ஃபோன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. டெஸ்டரக்கா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.